பட்டையும் தோலும்

ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு முதன்முதலாகக் கற்பிக்கப்பட்ட பாடம் ஒன்று உண்டு. ரப்பர் மரத்தின் பட்டைக்கு உட்புறத்தில், கட்டையை ஒட்டினாற்போல, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. பால்குழாய்கள் அதனருகிலேயே மிகுதியாக நெருங்கி ஓடுவதால், கத்தி அதனை அணுக அணுகப் பால் பெருகும் என்பது மெய்யேயானாலும், கத்தி அதனைத் தீண்டிவிட்ட இடத்தில் புதுப்பட்டை செம்மையாக வளராமல், முண்டும் முடிச்சுமாகப் புடைத்துப்போய், பின்னொரு காலத்தில் அவ்விடத்தில் கத்தியை ஓட்டவே இயலாதபடி ஆகிவிடும். ஆகவே, வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பாலேயே கத்தியை நிறுத்திக்கொள்ள வேண்டும். பொழுது புலராத இருட்டில், நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டிய ஆண்களும் பெண்களும், அளவுகோல் எதுவுமின்றி, கைவிரலின் உணர்ச்சி ஒன்றையே துணையாகக் கொண்டு அந்த ஒரு மில்லிமீட்டரைக் காப்பாற்றினார்கள். அவ்வாறு காப்பாற்றப்பட்ட மரம் சில ஆண்டுகளில் புதுப்பட்டை போர்த்துக்கொண்டு மீண்டும் பால் கொடுத்தது. காயம்பட்ட மரமோ, வெட்டி வீழ்த்தப்படும் நாள்வரையில் தன் வடுவைச் சுமந்து நின்றது.

நெகிரி செம்பிலானில் லாபு, லின்சம், சுவா பெத்தோங் முதலாகப் பகாவ், கெமாஸ் வரையில் பரந்துகிடந்த தோட்டங்களில் இவ்வண்ணம் மரப்பட்டையைப் பேணிய கைகள் இன்று முதுமை எய்திவிட்டன. ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. சிரம்பானைச் சுற்றியிருந்த தோட்ட நிலங்கள் பல புதிய குடியிருப்புகளாக மாறிவிட்டன. பிள்ளைகள் நீலாய்க்கும் செனவாங்குக்கும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட, எஞ்சியிருக்கும் லயத்து வீடுகளிலும், லயத்தை விட்டு வெளியேறியவர்கள் வாங்கிக் குடியேறிய மலிவுவிலை வீடுகளிலும், எழுந்து நடமாட இயலாத விருத்தர்கள் பாயிலும் கட்டிலிலுமாகக் காலம் கழிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் பட்டையைக் காத்த இவர்களுடைய சரீரத்தைப் போர்த்தியிருக்கும் தோலும் ஏறக்குறைய அத்துணை மெல்லியதே. அதனை யார் காப்பது, எவ்வாறு காப்பது என்பதே இந்த அத்தியாயத்தின் விஷயம்.

இதனை நூல்களிலிருந்து கற்பதற்கு முன்பே, என் பாட்டியிடமிருந்து கற்கும்படி எனக்கு நேர்ந்தது. போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பால் வெட்டியவர் அவர். பக்கவாதத்தால் இடக்கையும் இடக்காலும் விழுந்துபோன நிலையில் ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, வேளை தவறாமல் மருந்தும் கஞ்சியும் கொடுக்கத் தெரிந்த எங்களில் ஒருவருக்கேனும், அவரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது தெரிந்திருக்கவில்லை. அசையாமல் கிடப்பதே ஓய்வு என்றும், நோயாளிக்கு ஓய்வே மருந்து என்றும் நம்பியிருந்தோம். பத்துப் பன்னிரண்டு நாள் சென்றபின், இடுப்பின் அடியில், வால் எலும்புக்கு மேலாக, உள்ளங்கையகலத்துக்குத் தோல் கருநீலம் பாய்ந்திருக்கக் கண்ட என் தாயார், எங்கோ இடித்துக்கொண்டதனால் வந்த கன்றிப்பு என்று எண்ணி, எண்ணெய் தடவி அந்த இடத்தை நன்றாகத் தேய்த்துவிட்டார். அடுத்த வாரம் அது உடைந்தது. வெளியே ஐம்பது காசு அளவே தெரிந்த அந்தப் புண்ணைச் சுத்தம் செய்வதற்கு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்த டிரெசர் ஐயா வந்தார். அவர் உள்ளே செலுத்திய துணிச்சுருள் ஒரு விரல் ஆழத்துக்கு இறங்கியதை நான் அருகில் நின்று பார்த்தேன். பாட்டி என் பக்கம் முகத்தைத் திருப்பி, “என்னாப்பா, கத்தி கட்டையில இறங்கிருச்சா?” என்று கேட்டார். அந்த நோயின் இயல்பை அதனினும் சரியாக எடுத்துச் சொன்ன வாக்கியத்தை நான் பின்னர் படித்த மருத்துவ நூல் எதிலும் காணவில்லை.

படுக்கைப் புண் என்று நாம் வழங்கும் பெயரில் ஒரு பிழை இருக்கிறது. குற்றம் படுக்கையினுடையது அன்று. நாள் முழுவதும் நாற்காலியில் சாய்ந்திருப்பவருக்கும், சக்கர நாற்காலியை விட்டு இறங்காதவருக்கும் இந்தப் புண் வருகிறது. அழுத்தமே காரணமாதலால் அழுத்தப் புண் என்ற பெயர் மருத்துவர்களிடையே வழங்கலாயிற்று. தோல் உடைவதற்கு முன்பே உள்ளே சேதம் நிகழ்ந்துவிடுகிறபடியால் புண் என்ற சொல்லும் பொருந்தாது எனக் கருதி, 2016-ஆம் ஆண்டில் அமெரிக்க நிபுணர் குழுவொன்று அதனை அழுத்தக் காயம் என்று அழைக்குமாறு தீர்மானித்தது. பெயர் மாற்றம் வெறும் சொல்விவகாரமாகத் தோன்றலாம். ஆனால் தோல் உடையும்வரை காத்திருந்து பார்ப்பவர், நோயின் தொடக்கத்தை அல்ல, அதன் நடுப்பகுதியையே பார்க்கிறார் என்ற உண்மை அந்தப் பெயருக்குள் அடங்கியிருக்கிறது.

இது எவ்வாறு நிகழ்கிறதென்று அறிய, தோலின் அமைப்பைச் சிறிது நோக்க வேண்டும். உள்ளங்கையும் உள்ளங்காலும் நீங்கலாக, மேல்தோல் பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உடையது. அதன் அடிவரிசையில் இருக்கும் உயிரணுக்கள், மரத்தின் வளர்படலத்தைப் போலவே, ஓயாமல் பிரிந்து பெருகிக்கொண்டிருக்க, அவற்றிலிருந்து பிறந்த புதிய அணுக்கள் மெல்ல மெல்ல மேல்நோக்கித் தள்ளப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொடியாக உதிர்ந்துபோகின்றன. அதற்குக் கீழே, நாரிழைகளால் நெய்யப்பட்ட உள்தோலும், அதனுள்ளே ரத்த நுண்குழாய்களும் நரம்பு நுனிகளும் வியர்வைச் சுரப்பிகளும் அமைந்திருக்கின்றன. அதற்கும் கீழே கொழுப்பும் தசையும், எல்லாவற்றுக்கும் அடியில் எலும்பும் இருக்கின்றன. இளமையில் மேல்தோலும் உள்தோலும் ஒன்றனுள் ஒன்று பல்லுப்பல்லாகப் புதைந்து பிணைந்திருக்கும். முதுமையில் அந்தப் பிணைப்பு தேய்ந்து தட்டையாகிவிடுவதால், சிறு இழுப்புக்கும் மேலடுக்கு வழுக்கிக் கிழிந்துபோகிறது. அடிக்கொழுப்பு வற்றுகிறது; எண்ணெய்ச் சுரப்பு குறைந்து தோல் வறள்கிறது; புதிய அணுக்கள் பிறக்கும் வேகமும் தளர்கிறது. இவை இயற்கையின் மாறுதல்கள். இவற்றைத் தடுக்க யாராலும் இயலாது. ஆனால் இவை மட்டுமே புண்ணை உண்டாக்குவதில்லை.

ரத்த நுண்குழாய்களில் ரத்தம் மிகக் குறைந்த அழுத்தத்துடனேயே ஓடுகிறது. 1930-ஆம் ஆண்டில் யூஜீன் லாண்டிஸ் என்னும் ஆராய்ச்சியாளர், நகத்தின் விளிம்பிலுள்ள நுண்குழாய்க்குள் அதனினும் நுண்ணிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி அளந்து, ரத்தம் உட்புகும் முனையில் அதன் அழுத்தம் சராசரியாகப் பாதரச அளவில் 32 மில்லிமீட்டர் என்று கண்டார். கடினமான பலகையிலோ, நைந்து தட்டையான மெத்தையிலோ மல்லாந்து கிடப்பவருடைய வால் எலும்பின் அடியிலும் குதிகாலின் அடியிலும் உண்டாகும் அழுத்தம் இதைப்போல் பன்மடங்காகும். எலும்புக்கும் படுக்கைக்கும் இடையே நசுங்கும் தசையில் ரத்த ஓட்டம் நின்று, பிராணவாயுவும் ஆகாரமும் எட்டாமல், கழிவுகளும் வெளியேற வழியின்றி, அணுக்கள் மடியத் தொடங்குகின்றன. தோலைவிடத் தசை இந்த வறுமையை மிகவும் குறைவாகவே தாங்கக்கூடியது. அழுத்தமும் எலும்பையொட்டிய இடத்திலேதான் உச்சமாக இருக்கிறது. ஆகையால் சேதம் ஆழத்தில் தொடங்கி மேல்நோக்கி வருகிறது. தோலின்மீது கருநீலம் படரும்போது, உள்ளே அதைப்போல் பல மடங்கு பரப்பு அழிந்துபோயிருக்கக்கூடும். என் பாட்டிக்கு ஐம்பது காசு அளவு வாயும் ஒரு விரல் ஆழமுமாக அமைந்த புண்ணின் கணக்கு இதுவே.

அப்படியானால், இரவு முழுதும் உறங்கும் நம்மில் மற்றவர்களுக்கு ஏன் இது வருவதில்லை? நாம் உறங்கும்போதும் கிடந்தபடியே கிடப்பதில்லை. அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து நரம்பு அனுப்பும் செய்தியைக் கேட்டு, நித்திரை கலையாமலே புரண்டு கொடுக்கிறோம். 1961-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எக்ஸ்டன்-ஸ்மித், ஷெர்வின் என்னும் இருவர், முதிய நோயாளிகளின் கட்டில்களில் கருவி பொருத்தி, ஓர் இரவில் ஒவ்வொருவரும் எத்தனை முறை தாமாக அசைகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஐம்பது முறைக்கு மேல் அசைந்தவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. இருபது முறையோ அதற்குக் குறைவாகவோ அசைந்த பத்துப் பேரில் ஒன்பது பேருக்குப் புண் வந்தது. இவ்வளவு எளிய பரீட்சை, இவ்வளவு தெளிவான விடையைத் தந்தது வைத்திய சரித்திரத்தில் அரிது. தானாக அசைய இயலாதவருக்கு, அந்த அசைவைப் பிறருடைய கை கொடுக்கவேண்டும். படுக்கைப் புண்ணைத் தடுக்கும் சாஸ்திரம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை எனலாம்.

இந்த வாக்கியத்தை வந்தடைய மருத்துவ உலகம் நூறு ஆண்டுகள் சிரமப்பட்டது. 1850-களில் பிரௌன்-செக்கார்ட் என்னும் விஞ்ஞானி, முதுகுத்தண்டு அறுக்கப்பட்ட பிராணிகளையுங்கூட, சுத்தமாகவும் அழுத்தமில்லாமலும் வைத்திருந்தால் புண் வராது என்று காட்டினார். ஆனால் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்கோ, நரம்பு கெட்டால் தோல் தானே அழுகும், அதனைத் தடுப்பதற்கில்லை என்று கருதினார். அவருடைய கீர்த்தியின் காரணமாக அந்தக் கருத்தே நெடுங்காலம் நிலைத்தது. புண் விதியின் செயல் என்றாகிவிட்டால், பணிவிடை செய்கிறவருக்குப் பொறுப்பு ஏது? பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், படுக்கைப் புண் வந்தால் அது பொதுவாக நோயின் குற்றமன்று, பணிவிடையின் குறையே என்று கண்டிப்புடன் எழுதியிருந்தார். ஆயினும், முதுகெலும்பு முறிந்த போர்வீரர்கள் இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதி வரையிலும் இந்தப் புண்ணாலும் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். 1944-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் பொறுப்பேற்ற லுட்விக் குட்மன், அவ்வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கும்படி ஏற்பாடு செய்து, பல நேரங்களில் தாமே இரவில் சென்று பார்த்து, சாகக் கிடந்தவர்களை உட்காரவும் உழைக்கவும் விளையாடவும் வைத்தார். இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகள் அந்த ஆஸ்பத்திரி முற்றத்திலிருந்து பிறந்தவை. 1962-ஆம் ஆண்டில் டோரீன் நார்ட்டன் என்னும் தாதி, தம் சகாக்களுடன் முதியோர் வார்டுகளை ஆராய்ந்து, தோலில் பூசும் பூச்சுகளையெல்லாம் விட, காலந்தவறாது புரட்டிவிடுதலே பயன் தருவது என்று நிலைநாட்டினார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அங்க அசைவு, மலசலக் கட்டுப்பாடு ஆகிய ஐந்துக்கும் ஒன்றுமுதல் நான்குவரை மதிப்பெண் இட்டு, மொத்தம் இருபதில் பதினான்கோ அதற்குக் குறைவோ பெற்றவரை ஆபத்தில் இருப்பவராகக் கருதவேண்டும் என்று அவர் வகுத்த கணக்கு, எழுதப்படிக்கத் தெரிந்த எவரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடியது.

விதி என்று கருதப்பட்டதொரு நோய் உண்மையில் தடுக்கத்தக்கது என்று தெளிந்த வரலாறு நம் நெகிரி செம்பிலானுக்கும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரின் நரம்புகளை வாட்டி, கால் மரக்கச் செய்து, படுக்கையில் வீழ்த்திக்கொண்டிருந்தது. இம்மாநிலத்தின் அரசாங்க மருத்துவராகச் சிரம்பானில் பணியாற்றிய லியனார்ட் பிராடன், நோயாளிகளைப் பார்த்ததோடு நில்லாமல், நோய் வராதவர்கள் யார் என்றும் பார்த்தார். தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மலிந்திருக்க, ஊர் வழக்கப்படி புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே அது மிக அரிதாக இருந்ததை அவர் கண்டு, 1907-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அரிசியில் நஞ்சு சேர்கிறது என்று அவர் கூறிய காரணம் பிழை. ஆனால் அவர் கண்ட காட்சி பிழையன்று. அதே ஆண்டில் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவர்கள், இம்மாநிலத்துக் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஏறக்குறைய 300 ஜாவானியத் தொழிலாளரை இரு பிரிவாக்கி இருவகை அரிசி கொடுத்துத் தொடங்கிய ஆராய்ச்சி, வெள்ளையரிசி உண்டவர்களிடையே மட்டும் நோய் தோன்றுவதை மெய்ப்பித்தது. தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டிலுள்ள சத்தின் குறைவே காரணம் என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. பெரிய ஆஸ்பத்திரி எதனாலும் தடுக்க முடியாதிருந்த நோயை, ஓர் ஏழைக் குடும்பத்தின் சோற்றுப் பானை தடுத்துக்கொண்டிருந்தது. தடுக்கும் வழி பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கு இதைவிட அண்மையில் உள்ள சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இனி, தோலின் பகைவர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். அழுத்தம் முதற்பகை. இரண்டாவது பகை இழுப்பு. தலைமாட்டை உயர்த்திச் சாய்த்துவைத்த நோயாளி சிறிது சிறிதாகக் கால்மாட்டை நோக்கிச் சறுக்கும்போது, தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு நிற்க, எலும்பு மட்டும் கீழே போகிறது. இடையிலுள்ள ரத்தக்குழாய்கள் முறுக்கித் திருகப்பட்டு அடைபடுகின்றன. மூன்றாவது ஈரம். நம் நாட்டின் புழுக்கத்தில் வியர்வை ஒருபுறமிருக்க, சிறுநீரும் மலமும் பட்டு நெடுநேரம் ஊறிய தோல், நீரில் கிடந்த கைவிரல் போல வெளுத்துத் தடித்து வலுவிழக்கிறது. அதன் இயற்கையான இலேசான அமிலத்தன்மை மாறுவதால் கிருமிகளுக்கும் இடங்கொடுக்கிறது. நான்காவது பட்டினி. ஐந்தாவது மரப்பு. நோவை அறிவிக்கும் நரம்பு உறங்கிவிட்டால், காவற்காரன் உறங்கிய வீடு போல உடல் கிடக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; இனவாரியாக அது இந்தியரிடையேதான் மிக அதிகம். இனிப்புநீர் முற்றிய விருத்தருடைய குதிகாலில் புண் வைத்தால் அவருக்கே தெரியாது என்பதை அவரைச் சூழ்ந்திருப்போர் ஒருநாளும் மறக்கலாகாது.

தோலின் நிறத்தைக் குறித்து ஒரு வார்த்தை. சிவந்துபோன இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்க வேண்டும், வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் அதுவே முதற்கட்டம் என்று நூல்கள் கூறும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட இலக்கணம். நம் கறுப்பு மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது, வெளுப்பதும் தெரியாது. இதனால் முதற்கட்டத்தை நம்மவரிடத்தில் காணாமல் விட்டுவிடுவது எளிதாகிறது. ஆகவே கண்ணோடு கையையும் பயன்படுத்த வேண்டும். எலும்பு புடைத்த இடத்தில் புறங்கையை வைத்து, பக்கத்துத் தோலைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கல்லுப்போல் இறுகியிருக்கிறதா, சேறுபோல் குழைகிறதா என்று பார்க்கவேண்டும். நிறம் பக்கத்து நிறத்தைவிடக் கறுத்தோ நாவற்பழத்தின் நிறம் கொண்டோ இருந்தால் ஐயப்பட வேண்டும். அங்கே வலிக்கிறது என்று நோயாளி சொன்னால் அதனை நம்ப வேண்டும். வால் எலும்பு, இடுப்பின் இருபுறம், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை எலும்பு, பின்மண்டை, காது மடல், இவற்றோடு பிராணவாயுக் குழாயும் சிறுநீர்க் குழாயும் உறுத்தும் இடங்கள் ஆகியவற்றைக் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் பார்ப்பதற்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது.

புரட்டிப் படுக்கவைக்கும் முறையும் கற்கத்தக்கது. முழுவதும் ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் பக்கத்து எலும்பு மேல் பாரம் விழும். ஆகவே முதுகின் பின்னால் தலையணை வைத்து, முப்பது பாகை அளவு மட்டும் சாய்த்து, சிறிது நேரம் இடப்புறமும், பிறகு மல்லாந்தும், பிறகு வலப்புறமுமாக மாற்றவேண்டும். முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணை வேண்டும். கெண்டைக்கால் நெடுகிலும் தாங்குமாறு ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்தால், குதிகால் படுக்கையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். உணவு கொடுக்கும் நேரமும் அதற்குப் பின் சிறிது நேரமும் நீங்கலாக, தலைமாடு முப்பது பாகைக்கு மேல் உயராதிருப்பது நலம். நோயாளியை மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுப்பது தோலைக் கிழிக்கும். இடுப்பின் கீழ் மடித்த கைலி ஒன்றை விரித்துவைத்து, இருவர் இருபுறமும் நின்று அதனைத் தூக்கி நகர்த்துவது தோலுக்கும் நலம், தூக்குகிறவர்களின் முதுகுக்கும் நலம். நாற்காலியில் இருப்பவர் கால்மணி நேரத்துக்கொருமுறை இருபக்கமும் சாய்ந்து கொடுக்கவேண்டும். படுத்திருப்பவரைப் புரட்டுவதற்கு இரண்டு மணி நேரம் என்பது பொதுவிதி. நல்ல அடர்த்தியான நுரைமெத்தையில் படுத்தவர்களை இரண்டு, மூன்று, நான்கு மணி நேரத்துக்கொருமுறை புரட்டிப் பார்த்து, அமெரிக்காவிலும் கனடாவிலும் 900-க்கும் மேற்பட்ட விருத்தரிடையே நடந்து 2013-இல் வெளியான ஆய்வொன்று, இம்மூன்றுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆகவே நல்ல மெத்தை வாங்க முடிந்த குடும்பம், மருத்துவரோ தாதியோ பார்த்து இசைந்தால், இரவில் சற்று நீண்ட உறக்கத்தைப் பெறலாம். பழைய பஞ்சுமெத்தையிலும் பாயிலும் கிடப்பவர் விஷயத்தில் அந்தச் சலுகை இல்லை.

சுத்தம் செய்வதில் மென்மை வேண்டும். காரமான துணிசோப்பு ஆகாது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் படும் இடங்களில் வாஸ்லின் போன்ற பூச்சை மெல்லியதாகத் தடவலாம். பெம்பர்ஸ் நனைந்ததும் மாற்றவேண்டும். வறண்ட கைகால்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவது நல்லதே. ஆனால் நிறம் மாறிய எலும்புப் புடைப்பின்மேல் எண்ணெயிட்டுத் தேய்ப்பது, ஏற்கெனவே நொந்துபோன நுண்குழாய்களைக் கையாலேயே நசுக்குவதாகும். என் தாயார் அன்பினால் செய்தது அதுவே. வட்டமாகக் காற்றடைத்த வளையத்தின்மேல் உட்காரவைப்பதும் தீது. வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவிலுள்ள தோலுக்கு ரத்தம் வராமல் தடுக்கிறது. மடிப்புகளில் பவுடர் கொட்டினால் அது ஈரத்தில் கட்டியாகி உராயும். படுக்கையில் விரிக்கும் வாழையிலை தோலில் ஒட்டாது குளிர்ச்சி தருமேயன்றி அழுத்தத்தைக் குறைக்காது.

பட்டினியின் கொடுமையை நம் தோட்டத்து மக்கள் அறிந்தது போல் அறிந்தவர் சிலரே. ஜப்பானியர் காலத்தில், 1943-ஆம் ஆண்டில், சயாம் மரண ரயில் பாதைக்கு இத்தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களின் கால்களில், ஒரு மூங்கில் முள் கீறிய கீறல் எலும்பு தெரியும் புண்ணாக விரிந்தது. அது கிருமியால் வந்த வேறொரு நோய். ஆயினும் சோறில்லாத உடலின் தோல் எவ்வளவு எளிதில் உடைந்து எவ்வளவு அரிதில் ஆறும் என்பதற்கு அது மாறாத சாட்சி. இன்றைய விருத்தர் வெறும் கஞ்சியும் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டும் கொடுக்கப்பட்டு, வயிறு நிறைந்தும் சத்தின்றி இருக்கிறார். புண் வரும் ஆபத்தில் உள்ளவர், உடலெடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் பெறவேண்டும் என்பது இன்றைய மருத்துவ வழிகாட்டி. ஐம்பது கிலோ எடையுள்ள பாட்டிக்கு அது ஏறக்குறைய 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான். கஞ்சியில் பருப்பைக் கரைத்து, நெத்திலியைப் பொடித்துப் போட்டு, முட்டையும் தயிரும் தௌஃபுவும் மீனும் பங்கிட்டுச் சிறுகச் சிறுகப் பலமுறை கொடுத்தாலன்றி அந்த அளவு எட்டாது. சிறுநீரக நோய் உள்ளவருக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

இத்தனையும் யார் செய்வது? பெரும்பாலும் ஒரு மகள், அல்லது ஒரு மருமகள். பகலில் வேலைக்குப் போய், இரவில் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து, தன் உடம்பையும் தேய்த்துக்கொள்பவள். பெரட்டு எனப்பட்ட விடியற்கால ஆள்கணக்கெடுப்புக்கு ஒன்றாக எழுந்து, ஒருத்தி பிள்ளையை மற்றொருத்தி ஆயாக் கொட்டகையில் பார்த்துக்கொண்ட லயத்து வாழ்வில் இந்தச் சுமை பலருக்கும் பங்காயிற்று. அடுக்குமாடியின் மூடிய கதவுக்குப் பின்னால் அது ஒருவர் தலையில் விழுகிறது. புண் வந்தவரின் வீட்டாரை அலட்சியக்காரர் என்று ஏசுவது எளிது. அவர்களுக்குக் கற்பிக்கவும் கைகொடுக்கவும் யாரும் முன்வராதிருந்ததே பெரும்பாலும் உண்மை. சுகாதார நிலையங்களின் தாதியர் இல்லம் தேடிவந்து புண்ணைக் கழுவிக் கட்டும் சேவை இந்நாட்டில் இருக்கிறது. படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்போருக்குச் சமூகநலத் துறை மாதந்தோறும் வழங்கும் உதவித்தொகையும் இருக்கிறது. அவற்றைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டியதில்லை. புண் கறுத்தாலோ, நாற்றமோ சீழோ தோன்றினாலோ, காய்ச்சல் கண்டாலோ, எலும்பு தென்பட்டாலோ, மஞ்சளும் பச்சிலையும் பூசிக் காலங்கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

என் பாட்டியின் புண் ஆறுவதற்கு ஏழு மாதம் ஆயிற்று. முதல் நாளிலிருந்தே இரண்டு தலையணையும் ஒரு கைலியும் அதனைத் தடுத்திருக்கும். அவர் அதன்பின் நெடுநாள் வாழவில்லை; வாழ்ந்த நாள்வரையில், வெட்டுத் தவறிய மரத்தின் வடுப்போல, அந்த இடம் குழிந்து இறுகியே இருந்தது.

இந்த அத்தியாயத்தைப் படிப்பவர் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, எழுந்து நடக்க இயலாத பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். விடியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாகக் குனிந்து பட்டையைப் பார்த்தவர் அவர். இன்று மாலை நீங்கள் ஒரு விளக்கை எடுத்துச் சென்று, அவருடைய குதிகாலையும் முதுகின் அடியையும் கண்ணால் பாருங்கள், கையால் தொட்டுப் பாருங்கள். பார்த்தபின் அவரை மறுபக்கம் திருப்பிப் படுக்கவையுங்கள். அடுத்த முறை எழுந்து திருப்பவேண்டியவர் வேறொருவரானால், அவருடைய இரவுகளில் ஒன்றை உங்களுடையதாக ஏற்றுக்கொள்ளுங்கள்.